அண்டாவில் மிஞ்சியது யாருக்கு? – பள்ளி உணவு வீணாகாமல் காப்பதில் நம் பங்கு



காலை ஒன்பது மணிக்கு, இல்லையென்றால் மதியம் ஒன்றரை மணிக்கு, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற தண்ணீரோடு உப்புமாவும் சோறும் காய்த் துண்டும் ஓடும். காக்கையும் நாயும் காத்துக்கிட்டு நிற்கும். அதே ஊரில் அடுத்த தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, நேத்துச் சோத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் மிச்சம், இன்னொரு பக்கம் பசி. இரண்டுக்கும் நடுவில் நூறு அடி தூரம்கூட இருக்காது.

"மிஞ்சினதை எடுத்து இல்லாதவங்களுக்குக் கொடுத்தா முடிஞ்சுது. இதுல பேச என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். பேச நிறைய இருக்கிறது. நல்ல மனசோடு கொடுத்த சோறே வாந்தி பேதியில் கொண்டுபோய் விடலாம். நல்ல எண்ணத்தில் எடுத்துப்போன தூக்குவாளியே ஊர் வாயில் திருட்டுப் பட்டத்தை வாங்கித் தரலாம். அதனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். எண்ணிச் சமைப்பது, நேரத்துக்குள் கொடுப்பது, மரியாதையோடு கொடுப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மிச்சம் உணவாக இருக்கும். ஒன்று குறைந்தாலும் அது கழிவுதான்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் மாநிலத்தில் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று அது 31,008 பள்ளிகளுக்குப் போனது. 2024 ஜூலை 15 அன்று கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

இந்தக் காலை உணவைக் கிராமங்களில் சமைக்க வந்தவர்கள் யார்? நம் குழுப் பெண்கள்தான். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களைத்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகள் வருமுன் அண்டாவை இறக்கி வைப்பது நம் உறுப்பினர். சத்துணவு மையத்தில் சமையலராகவும் உதவியாளராகவும் இருப்பவர்களில் நம் குழுக்காரர்களும் உண்டு. பள்ளியில் சோறு வீணானால், "சமைக்கிறவ சரியில்லை" என்ற முதல் பேச்சு அவர்கள் மேல்தான் விழும். எனவே இது நம் வேலையும் கூட, நம் மானமும் கூட.

முதல் வேலை: எண்ணிச் சமைப்பது

மிஞ்சினதைக் கொடுப்பதைவிட மிஞ்சாமல் சமைப்பதே மேல். கணக்கைப் பாருங்கள். காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு அரிசி, ரவை, சேமியா போன்றவற்றில் ஏதோ ஒன்று 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அளவு வகுத்தார்கள். ஒரு பள்ளியில் 80 பிள்ளைகள் பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80 பேருக்கு 4 கிலோ ரவை. அன்றைக்கு ஊரில் கொடை, வந்தது 58 பேர்தான். அவர்களுக்கு 2 கிலோ 900 கிராம் போதும். பதிவைப் பார்த்துச் சமைத்தால் 1 கிலோ 100 கிராம் ரவை கூடுதலாக அடுப்பேறிவிடும். ஒரு பிள்ளைக்கு 150 முதல் 200 கிராம் உப்புமா என்றால், 3 முதல் 4 கிலோ உப்புமா அண்டாவில் நிற்கும். வருஷத்தில் இப்படி 40 நாள் நடந்தால் 44 கிலோ ரவை போச்சு. எண்ணெயும் விறகும் கேஸும் நம் உழைப்பும் தனி.

மதியச் சமையலில் இது சுலபம். காலையில் வருகைப் பதிவு எடுத்த பிறகு எத்தனை பேர் என்று கேட்டு உலை வைக்கலாம். காலை உணவில்தான் சங்கடம். பிள்ளைகள் வருமுன்னே சமையல் முடிந்துவிட வேண்டும். என்ன செய்யலாம்?

முதலாவது, முந்தின நாள் சாயங்காலமே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது. முகூர்த்த நாள், கோயில் கொடை, சந்தை நாள், பலத்த மழை, ஊரில் ஒரு சாவு – இந்த நாட்களில் வரவு குறையும். ஊரில் இருக்கிற நமக்கு இது தெரியாமல் போகாது.

இரண்டாவது, இரண்டு ஈடாகச் சமைப்பது. உப்புமா, கிச்சடிக்கு இது தோதானது. ரவையை வறுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, முக்கால் பங்கை முதலில் கிண்டிவிடலாம். மிச்சத்துக்குத் தண்ணீரைக் கொதிக்க விட்டு, பிள்ளைகள் தலையை எண்ணிய பிறகு ரவையைக் கொட்டினால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். பொங்கலுக்கு இது நடக்காது. பொங்கல் நாளில் முந்தின நாள் விசாரிப்பு கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, சமைக்காமல் மீந்த ரவையும் அரிசியும் இருப்புப் பதிவேட்டில் அன்றைக்கே ஏற வேண்டும். வராத பிள்ளைக்கு வந்ததாக எழுதக் கூடாது. பொருள் கையிருப்பில் சரியாக இருந்தால், யார் வந்து கேட்டாலும் நம் உறுப்பினர் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

தட்டில் ஏன் மிஞ்சுகிறது?

அண்டாவில் மிஞ்சுவது கணக்குத் தப்பினதால். தட்டில் மிஞ்சுவதற்குக் காரணம் வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே கரண்டி போட்டால் சின்னது எப்படிச் சாப்பிடும்? "முதல்ல கொஞ்சமா போடு, கேட்டா மறுபடி போடு" என்பதுதான் நல்ல முறை. ஆனால் சில பிள்ளைகள் வெட்கத்தில் மறுபடி கேட்காது. வீட்டில் அடுப்பு எரியாமல் வந்த பிள்ளை பெரும்பாலும் கேட்காது, தட்டை மட்டும் வழித்து வழித்துத் தின்னும். பரிமாறுகிறவர் கண்ணில் அது பட வேண்டும். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுமா கண்ணு?" என்று நாமே வரிசையில் ஒரு சுற்று போய்க் கேட்டால் பாதி மிச்சம் அங்கேயே தீர்ந்துவிடும். பசித்த வயிறும் நிறையும்.

காயைப் பெரிய துண்டாகப் போட்டால் பிள்ளைகள் ஒதுக்கி வைக்கும். பொடியாக நறுக்கினால் உள்ளே போய்விடும். கறிவேப்பிலையைப் பொடித்துத் தூவலாம். காரம் பெரியவர் நாக்குக்கு இல்லாமல் பிள்ளை நாக்குக்கு இருக்க வேண்டும். எந்த நாள் எது அதிகம் மிஞ்சுகிறது என்று பிள்ளைகளையே கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில், காலை உணவைச் சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. பிறகு மாவட்ட ஆட்சியரும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல சோறு, நேரத்துக்கு வெந்த சோறு, கை பார்த்து ஒதுக்கப்பட்டது. இப்படி மிஞ்சுகிற சோற்றை எத்தனை பேருக்குப் பகிர்ந்து கொடுத்தாலும் அந்தக் குற்றம் தீராது. நம் குழுக்களில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டுகிறோம். ஒருத்தி கடனுக்கு இன்னொருத்தி பொறுப்பேற்கிறோம். அவள் சமைத்ததை நம் பிள்ளை சாப்பிடாது என்று நம்மில் ஒருத்தி சொன்னால், அந்தக் குழுவுக்கு என்ன அர்த்தம்? இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அங்கே முதலில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது நாம்தான்.

அண்டா மிச்சம் வேறு, தட்டு மிச்சம் வேறு

இதை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அண்டாவில், யார் கையும் படாமல், மூடி போட்டு, சூடாக இருப்பது உணவு. அதைப் பகிரலாம். பிள்ளை தட்டில் வாங்கிக் கை வைத்தது எச்சில். அது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் இன்னொரு மனுசருக்குப் போகக் கூடாது. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் எல்லாமே எச்சில்தான். அதனால் இரண்டு பாத்திரம் தனித்தனியாக வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளில் பகிர்வு மேசை என்று ஒன்று வைக்கிறார்கள். தனக்கு வேண்டாத பழம், பிரிக்காத பால் டப்பா, உறை கிழியாத ரொட்டி ஆகியவற்றைப் பிள்ளை அந்த மேசையில் வைக்கும். வேண்டுகிற பிள்ளை எடுத்துக்கொள்ளும். 2016இல் அந்த நாட்டு வேளாண்மைத் துறை இதற்கு வழிகாட்டுதலும் கொடுத்தது. அங்கே அது நடப்பதற்குக் காரணம், நிறையப் பொருள் உறை போட்டு வருவது. நமக்கு அண்டாச் சோறு, அதை மேசையில் வைக்க முடியாது. ஆனாலும் இரண்டு பொருளுக்கு அந்த வழி பொருந்தும். ஓடு உடைக்காத அவித்த முட்டை, தோல் உரிக்காத வாழைப்பழம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குப் பழம் கொடுப்பது நம் சத்துணவில் உள்ள ஏற்பாடு. அன்றைக்கு ஒரு பிள்ளை வேண்டாம் என்று தொடாமல் வைத்த முட்டையை, தட்டோடு குப்பைக்கு விடாமல், இன்னும் பசிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

நேரம்: இரண்டு மணி நேரக் கணக்கு

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது பழமொழி. நேரத்துக்கு மிஞ்சினாலும் அப்படித்தான். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு விதி. 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் கிருமி பெருகும். நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

"சூடு பண்ணிக் கொடுத்தாச் சரியாப் போயிடும்" என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அது பலிக்காது. அரிசியில் ஒட்டி வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாமல் தங்கும். சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கையில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் அழியாது. மணமும் ருசியும் மாறாமலே கெட்டிருக்கும்.

"நாமெல்லாம் பழைய சோறு குடிச்சு வளர்ந்தவங்கதானே?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வீட்டுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது ஒரு முறை. பருப்பும் காயும் சேர்ந்த சாம்பார் பெரிய அண்டாவில் மூடியபடி அரை நாள் கிடப்பது வேறு. அதைக் குடிப்பவர் சின்னப் பிள்ளையாகவோ தள்ளாத கிழவியாகவோ இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எனவே அண்டாவை இறக்கிய நேரத்தைச் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். 7.45க்கு இறக்கினால் 9.45தான் கடைசி. அதற்குள் வயிற்றுக்குப் போகவேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவரிடமும் "இதை இப்பவே சாப்பிட்டுருங்க, ராத்திரிக்கு வைக்காதீங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நேரம் தாண்டினால் மனசு கேட்காவிட்டாலும் மனுசருக்குக் கொடுக்கக் கூடாது. பரிமாறுமுன் ஆசிரியர் ருசி பார்ப்பது பள்ளி உணவில் உள்ள விதி. மிச்சத்தைக் கொடுக்குமுன்னும் ஒருவர் ருசி பார்த்தே கொடுக்க வேண்டும்.

யாருக்கு, எந்த வரிசையில்?

1. முதலில் அதே பந்தியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, இரண்டாம் முறை.

2. அடுத்து, அதே வளாகத்தில் படிக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளில் வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு. நடுநிலைப் பள்ளியில் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள். தலைமை ஆசிரியர் சம்மதத்தோடு செய்ய வேண்டும்.

3. பிறகு பள்ளிக்குப் பக்கத்தில் தனியாக வாழும் முதியோர், மாற்றுத் திறனாளிகள். நடந்து ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேரும் வீடுகளாக இருக்கட்டும்.

மூன்றாவதுக்கு ஒரு எச்சரிக்கை. இது அரசு திட்டத்துப் பொருள், பிள்ளைகள் பேரில் வந்தது. சமைத்தவரோ ஆசிரியரோ தனியாக முடிவெடுத்து வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் பேசி, திட்ட அலுவலரிடமும் கேட்டு அனுமதி வாங்கி, தீர்மானம் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும். அனுமதி கிடைக்காத இடத்தில் முதல் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்ளலாம். சமைக்கிற உறுப்பினர் தன் வீட்டுக்கு எடுத்துப் போவது எந்த வரிசையிலும் இல்லை. இதில் கண்டிப்பாக இருப்பது அவருக்கே பாதுகாப்பு.

பெரிய அளவில் மிச்ச உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறையே கொண்டுவந்தது. உணவின் பெயர், எப்போது தயாரித்தது போன்ற விவரங்களோடுதான் பகிர வேண்டும் என்கிறது. நாம் சாக்பீஸால் எழுதும் நேரமும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

கொடுக்கும் முறையும் முக்கியம். "மிஞ்சிப் போச்சு, இந்தா" என்று நீட்டினால் வாங்குகிறவர் மனசு சுருங்கும். சுத்தமான தூக்கில், மூடி போட்டு, "பாட்டி, இன்னைக்கு வெண்பொங்கல், சூடா இருக்கு" என்று கொடுத்தால் அது விருந்து. பெயர் படித்து வரிசையில் நிறுத்துவதும் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம்.

கல்யாண வீட்டுச் சாப்பாடு பள்ளிக்கு வரலாமா?

விசேஷ வீட்டில் மீந்த பிரியாணியையும் பாயசத்தையும் பள்ளிக்கு அனுப்புவது சில ஊர்களில் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் எப்போது சமைத்தது, எங்கே வைத்தது, யார் கை பட்டது என்று தெரியாத உணவைப் பிள்ளைகளுக்கு வைக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்ய நினைப்பவர் பழம் வாங்கித் தரலாம். இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லி, பள்ளிச் சமையலறையிலேயே புதிதாகச் சமைக்கப் பொருள் தரலாம்.

மாட்டுக்கு ஊற்றலாமா?

தட்டு மிச்சத்தைக் கழுநீர்ப் பானையில் ஊற்றுவது நம் வழக்கம். கொஞ்சமாக இருந்தால் சரி. வாளி வாளியாகச் சோறும் பொங்கலும் ஊற்றினால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, அசை போடுவது நின்று, உயிருக்கே ஆபத்தாகும். பொங்கல் பண்டிகை சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் இதைத்தான் எச்சரிக்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய கறவை மாட்டை இப்படி இழக்க வேண்டாம்.

மீதிக்கு உரக்குழி இருக்கிறது. பள்ளி ஓரத்தில் ஒரு குழியோ சிமெண்டு உறையோ போதும். தண்ணீர் வடித்த மிச்சம் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு, மேலே சாணிக் கரைசல் அல்லது மண். நாய் கிளறாமல் மூடி வைத்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். அந்த உரத்தில் முருங்கையும் கீரையும் கத்தரியும் வைத்தால் அது திரும்பப் பிள்ளைகள் தட்டுக்கே வரும்.

ஒரு நோட்டு போடுங்கள்

தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதிப் பழகிய கை நமக்கு. இதற்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினம் ஒரு வரி: தேதி, பதிவில் உள்ள பிள்ளைகள், வந்த பிள்ளைகள், என்ன சமையல், எத்தனை கிலோ, அண்டாவில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது, யாருக்குக் கொடுத்தது, எத்தனை மணிக்கு. ஒரு மாதம் எழுதினால் எந்த நாள் எது மிஞ்சுகிறது என்று நோட்டே சொல்லும். அடுத்த மாதம் உலை வைக்கும்போதே கை அளந்து போடும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. எனவே பள்ளி அண்டாவைப் பார்க்கும் கண் நம் வீட்டுப் பானையையும் பார்க்கட்டும்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்தபின் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கிற உறுப்பினரை அழைத்து நடுவில் உட்கார வையுங்கள். "அக்கா, எந்த நாள்ல அதிகம் மிஞ்சுது? உங்களுக்கு என்ன கஷ்டம்? நாங்க என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் உறுப்பினர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் அங்கே பேசட்டும்.

எண்ணிச் சமைப்போம்! சூட்டோடு கொடுப்போம்! மரியாதையோடு பகிர்வோம்!